மீசைக்காரரும் நாற்பது பேரும்

நாற்பது பேருக்கு எதிராக ஆறு பேர். இது எந்த ஊர் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் வகுப்புத் தோழன் சுரேந்தருக்கு அவன் மாமா துபாயிலிருந்து குட்டிப் போர்வீரர்கள் நாற்பது பேரை வாங்கி வந்திருந்தார். விரல் உயரம்தான். ஆனால் தொப்பி, துப்பாக்கி, பூட்ஸ் எல்லாம் உண்டு. என்னிடம் இருந்தது ஆறே பேர். அதில் தளபதிக்கு நானே சிவப்பு மீசை வரைந்திருந்தேன். அவர் பெயர் மீசைக்காரர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுரேந்தர் அப்பாவின் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் பெரிய மேசை காலியாக இருந்தது. அதுதான் எங்கள் போர்க்களம். அவன் பக்கத்து முனையில் கோட்டையாக, நூல் சுற்றிய கோன் ஒன்று. என் அப்பாவும் அங்கேதான் டெய்லர்.

"உன்ர மீசைக்காரரு என்ர பக்கத்து நூல் கோனைத் தொட்டா நீ ஜெயிச்சே. நான் அவரைப் புடிச்சுட்டா அவரு எனக்கு," என்றான் சுரேந்தர்.

நான் முட்டாள்தனமாகத் தலையாட்டிவிட்டேன்.

அளக்க ஒரு சாண் நீளத்தில் ரிப் துணிப் பட்டை. பனியன் கழுத்துக்கு வைத்துத் தைப்பார்களே, அந்தத் துணி. ஒரு முறைக்கு ஒரு வீரர், ஒரு பட்டைத் தூரம் போகலாம். எதிரியை முட்டினால் எதிரி காலி.

மூன்றே முறையில் என் ஆட்கள் மூன்று பேர் காலி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்தார்கள்? உற்றுப் பார்த்தேன். பயல் பட்டையை இழுத்து இழுத்து அளந்துகொண்டிருந்தான்.

"ஏலே, இழுக்காத. ஒரு சாண் ஒன்றரைச் சாண் ஆவுது."

"பட்டை எட்டற வரைக்கும் போலாம் புள்ள. அதுதான் ரூல்," என்றான், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

அடுத்த இரண்டு முறையில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். என் முறை வந்தபோதெல்லாம் நான் நகர்த்தி வந்த மீசைக்காரர் மட்டும் மேசையின் ஓரத்தில் தனியாக நின்றார். சுரேந்தரின் கோன் இரண்டு சாண் தள்ளி இருந்தது. அதற்குக் காவலாக ஒருவர்கூட இல்லை. எல்லோரும் என் ஆட்களைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"அடுத்த வாட்டி அவரு எனக்குத்தான். குடுக்கறப்ப அழுவக் கூடாது," என்றான் சுரேந்தர்.

"பட்டை எட்டுற வரைக்கும் போகலாம்லா?"

"ஆமா. எத்தனை வாட்டி சொல்றது?"

பட்டையின் ஒரு நுனியை மீசைக்காரரின் காலடியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். மறு நுனியைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தேன். ரிப் துணி அல்லவா, நீண்டுகொண்டே போய்க் கோனைத் தொட்டது. மீசைக்காரரும் அதன் வழியே போய்க் கோனைத் தொட்டார்.

சுரேந்தர் திறந்த வாயை மூடவில்லை. பட்டையைப் பார்த்தான், கோனைப் பார்த்தான், ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"இத்தனை நீளுமா இது?"

"எங்கப்பா நாள் முழுக்க இதைத்தான தைக்காரு."

சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவனோ நாற்பது பேரையும் என் பக்கம் தள்ளினான். எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது.

"இப்ப நீ நாப்பது வெச்சுக்க. எனக்கு உன்ர ஆறு குடு. ஸ்கேல்லயே அளக்கலாம். ஆறு பேரை வெச்சு நானும் ஜெயிச்சுப் பாக்கோணும்."

ஒரு நொடி யோசித்தேன். பிறகு மீசைக்காரரையும் சேர்த்தே கொடுத்தேன்.

"பத்திரமா பாத்துக்க. மீசை அழிஞ்சிரும்."

அவன் ஸ்கேல் தேடி ஓடினான். நான் நாற்பது பேரையும் வரிசையாக நிறுத்தத் தொடங்கினேன். பாதியில்தான் ஒன்று உறைத்தது.

ஆறு பேரோடு தோற்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நாற்பது பேரை வைத்துக்கொண்டு தோற்றால்?