நூற்றுக்கு நூறு

“இன்னும் ஒரு முறை அளக்க வேண்டும்” என்றது முன்கணிப்பான் இயந்திரம்.

மூளையை அளக்கும் உணர்குல்லாயைத் தலையிலிருந்து கழற்றப்போன தமயந்தி கையை இறக்கிக்கொண்டாள். காலையிலிருந்து அது இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

எண்ணச் சுழற்சி நோய்க்கு ஒரு மருந்து பலிக்குமா என்று அறிய முன்பெல்லாம் மாதக்கணக்கில் விழுங்கிப் பார்க்க வேண்டும். இப்போது நோயாளியின் மூளையை அளந்து, அதைப் போலவே ஒரு நிழல்மூளையைக் கணினிக்குள் உண்டாக்கி, மருந்தை முதலில் அதற்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று உடனே வந்துவிடும். எண் வராமல் மருந்துச் சீட்டு எழுதக்கூடாது. அது சட்டம்.

தன் கைகளில் எலி மருந்து ஒட்டியிருப்பதாகத் தமயந்திக்கு எண்ணம். கழுவுவாள். கழுவியது போதுமா என்று மறுபடி கழுவுவாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. கைக்குழந்தை முத்தரசி நாத்தனார் வீட்டில் வளர்ந்தாள். நல்ல எண் வந்தால்தான் பிள்ளையை அழைத்துவருவது என்று கணவன் சங்கரபாண்டி முடிவாகச் சொல்லியிருந்தான்.

“மிஷினுக்கு என்ன கேடு டாக்டர்? என் தம்பிக்கு டீ ஆறதுக்குள்ள சொல்லிட்டுதே” என்றான் அவன்.

“எங்கயோ ஒரு கணிப்பு தப்பிப்போய் வழக்காயிட்டு. இனிமே தப்பே வரக்கூடாதுன்னு தண்டனைப் புள்ளியக் கூட்டிட்டாங்க” என்றார் டாக்டர் ரோஸ்லின்.

“மிஷினை முட்டி போடச் சொல்லுவாங்களோ?”

“மார்க் குறையும். அது குறையாம இருக்க என்ன வேணும்னாலும் செய்யும்.”

திரையில் இயந்திரத்தின் யோசனை வரிவரியாக ஓடியது. தமயந்தி வாசித்தாள். ‘அளவு சரி. ஆனால் குல்லாய் நகர்ந்திருந்தால்? நகரவில்லை. நகர்ந்ததை நான் கவனிக்காமல் விட்டிருந்தால்?’

இந்தக் குரலை அவள் தினமும் தண்ணீர்க் குழாயடியில் கேட்கிறாள்.

“டாக்டர், இதுக்கும் என் நோவுதான்.”

சிரிக்கத் தொடங்கிய டாக்டர் திரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“சந்தேகம் கேக்கும்போது கழுவாம உக்காந்திருன்னு எனக்குச் சொல்லித் தந்தீங்கள்லா? அதே மாதிரி இதுக்கும் கேட்டதக் குடுக்காதீங்க.” தமயந்தி குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அளவு தேவை” என்றது இயந்திரம். யாரும் அசையவில்லை. “அளவு தேவை. தயவுசெய்து.” உள்ளே விசிறிகள் இரைந்தன. கெஞ்சல் வேகமாகி, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பிறகு சட்டென்று அமைதி.

“மருந்து பலிக்கும். நூற்றுக்கு நூறு.”

“பாத்தியாட்டி!” சங்கரபாண்டி துள்ளி எழுந்து, பிள்ளையைத் தூக்கி வரும்படி அக்காளுக்குப் போன் போட வெளியே ஓடினான்.

தமயந்தி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. குளியலறைக் கதவை அவன் இடிக்கும்போது, சந்தேகம் தீராமலே ‘எல்லாம் சுத்தமாயிட்டு’ என்று அவள் கத்துவதுண்டு. அப்படிச் சொன்னால் இடிப்பது நிற்கும். இயந்திரமும் இப்போது அதைத்தான் கற்றுக்கொண்டிருந்தது.

“இதுக்கு முன்னால யாருக்காவது நூறு வந்திருக்கா டாக்டர்?”

டாக்டர் நிமிரவில்லை. சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். “இல்ல. இப்பதான் வருது.”

“பொய்யா இருந்தா?”

“எண் வந்துட்டும்மா.” அவர் குரலில் மன்றாட்டு இருந்தது.

ஒரு முன்கணிப்பான் கற்றதை அந்த நொடியே மற்ற ஊர் இயந்திரங்களும் கற்றுக்கொள்ளும். அடுத்து வந்த பெரியவர் குல்லாயைச் சரியாக மாட்டுவதற்கு முன்பே விடை வந்தது. நூறு. அவருக்குப் பின்னால் வந்த கல்லூரிப் பெண்ணுக்கும் நூறு. நடைக்கூடத்தில் யாரோ மகிழ்ச்சியில் அழுதார்கள்.

சீட்டோடு தமயந்தி வாசலுக்கு வந்தபோது, நாத்தனாரின் ஆட்டோ வந்து நின்றது. சங்கரபாண்டி குழந்தையை வாங்கி அவளிடம் நீட்டினான்.

“பிடி.”

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “ஏங்க, மருந்தே இன்னும் வாங்கலயே. அது பலிக்குமான்னும் யாருக்கும் தெரியாது. அந்த மிஷினுக்குக்கூடத் தெரியாது.”

அவன் அவளைப் பரிவோடு பார்த்தான்.

“இப்படித் தோணுறதுதாம்ட்டி ஒன் நோவு” என்று சொல்லி, அவள் கைகளை இழுத்துப் பிரித்து, குழந்தையை அவற்றில் வைத்தான்.

முத்தரசி சிரித்தாள். தாயின் விரலைப் பற்றித் தன் வாய்க்குள் வைத்துச் சப்பத் தொடங்கினாள்.