செதில் வைத்த ஸ்கீ

அப்பாவின் இன்சுலின் பை சமையலறை மேசையிலேயே கிடந்தது! அவரோ முதல் நாளே மலைமேலிருந்த மரக்குடிலுக்குத் தனியே போய்விட்டார். அங்கே தொலைபேசி எடுபடாது. மேகம் இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் பறக்காது, பனி வண்டி வரப் பொழுதுபட்டுவிடும் என்று மீட்புக்குழு கையை விரித்துவிட்டது.

"நாங்களே போவம்," என்றாள் தர்சிகா. தம்பி சுகிர்தன் ஏற்கெனவே சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். இருவரும் நோர்வேயில் பிறந்தவர்கள். ஆனால் அந்நாட்டுப் பையன்களைவிட ஒரு படி மேலாக ஸ்கீ ஓட்டவேண்டும் என்று தம்பிக்கு மட்டும் ஒரு வீம்பு.

வாசலில் தகராறு தொடங்கியது. அக்கா எடுத்தது அகலமான ஸ்கீ, பனியில் சறுக்கிச் செல்லும் பலகை. அடியில் மீன் செதில் போல வரி வெட்டியிருக்கும். மற்ற ஸ்கீகளைப்போல, வழுக்காமலிருக்கப் பனிக்கேற்ற மெழுகை அடியில் பூசத் தேவையில்லை. மிதித்தால் செதில் பனியைப் பிடித்துக்கொள்ளும்.

"இதைக் கிழடுகள்தான் போடும், அக்கா. வேகமே இல்லை. என்ரை கூட்டாளியள் கண்டால் சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். மேலை பனி ஈரமோ காய்ஞ்சதோ, ஆருக்குத் தெரியும்? நீ எந்த மெழுகைப் பூசுவாய்?"

"குளிர் மெழுகு. இப்ப குளிராத்தானே கிடக்கு."

காட்டுக்குள் சுகிர்தன் தன் மெல்லிய ஸ்கீயில் பறந்தான். தர்சிகா பின்னால் சரசரவென்று ஊர்ந்தாள். மரங்கள் முடிந்ததும் கதை மாறியது. மேகத்துக்குள் பனி நனைந்து கிடந்தது. அவன் ஓர் அடி வைத்தால் ஓர் அடி பின்னால் வழுக்கினான். அவசரமாக, ஈரப் பனிக்கான பிசின் மெழுகைப் பூசினான். அடுத்த பள்ளத்தில் பனி மறுபடி காய்ந்திருந்தது. கட்டி கட்டியாக அடியில் ஒட்டிக்கொண்டது. ஸ்கீயைக் கழற்றினால் தொடைவரை புதைந்தான்.

"நீங்கள் போங்கோ," என்றான், மூச்சு வாங்க.

"மலையிலை ஆளை விட்டிட்டுப் போகக்கூடாது."

"அப்பாவுக்கு மருந்து வேணும், அக்கா."

அவன்மீது அவளுக்கு அப்போது வெறுப்பே வந்தது. அப்படி வெறுத்ததற்காகத் தன்மீதும் வந்தது. தேநீர்ப் போத்தலையும் போர்வையையும் கொடுத்து, காற்றுப் படாத ஒரு பாறையடியில் அவனை இருத்திவிட்டு மருந்துப் பையோடு புறப்பட்டாள்.

குடிலின் புகைபோக்கியில் புகை இல்லை. அப்பா வாங்குப் பலகையில் சுருண்டு கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார், உதடு காய்ந்திருந்தது. பையைத் திறந்து ஊசி போட்டாள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பருக்கினாள். நெடுநேரம் கழித்து அவர் கண் திறந்தார்.

"தம்பி எங்கை?"

அப்பாவைப் போர்த்திவிட்டு, மறுபடி ஸ்கீயை மாட்டினாள்.

சுகிர்தன் பாறையடியில் இருக்கவில்லை! அக்காவின் தடத்திலேயே முழங்காலால் தவழ்ந்து பாதிவழி வந்திருந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது. அவனைத் தாங்கித் தாங்கிக் குடிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

பொழுதுபடும் நேரத்தில் பனி வண்டி வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டது. அப்பாவின் கையைச் சுகிர்தன் விடவேயில்லை.

"வேகமாப் போகோணும் எண்டுதான் நினைச்சன், அக்கா," என்றான். "போய்ச் சேரோணும் எண்டு நினைக்கேல்லை."

தர்சிகா அவனுடைய மற்றக் கையின் ஈரக் கையுறையைக் கழற்றி, விறைத்துப்போன விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.