திருப்பி மாட்டிய டோக்கன்

காலை ஏழரை மணி. போன் அலறியது.

"மேடம், மூணாம் சுரங்கத்துல ஒரு பிணம்," என்றார் ஏட்டு. "கூரையைப் பரிசோதிக்க வந்த எஞ்சினியர். தலையில கல்லு விழுந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஊரில் நிலக்கரி எடுப்பது நின்று பத்து வருடம். சோற்றுக்கே திண்டாடிய பிறகு, கைவிட்ட சுரங்கங்களுக்குள் காளான் வளர்க்க ஆரம்பித்தார்கள். மூணாம் சுரங்கத்தை நம்பி மட்டும் அறுபது பெண்கள். அவர்களுக்கு மேனேஜர் ஒரு பழைய நிலக்கரித் தொழிலாளி.

இன்ஸ்பெக்டரின் அப்பா.

ஆம்புலன்ஸ் பிணத்தை ஏற்றிக்கொண்டு போனது. வாசலில் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"விபத்துன்னே எழுதிடலாமா மேடம்?" என்று கேட்டார் ஏட்டு.

அவள் வாசல் பலகையைப் பார்த்தாள். உள்ளே போகிறவர்கள் அதில் பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். நிலக்கரிக் காலத்து வழக்கம்.

ஒரே ஒரு டோக்கன் தொங்கியது. எஞ்சினியருக்குக் கொடுத்தது. எண் தெரியாமல், சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது...

"இதை யாராவது தொட்டீங்களா?"

"இல்ல மேடம்," என்றாள் பிணத்தை முதலில் பார்த்த பெண். "காலையில நாங்க வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் நேராக ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"செத்தவன் டோக்கனைத் திருப்பி மாட்டுறது யார் பழக்கம்ப்பா?"

"நிலக்கரி வெட்டினவங்க பழக்கம்."

"அவங்கள்ல இங்க மிச்சம் யாரு?"

"நான் ஒருத்தன்தான்."

"பிணத்தை யாரும் பார்க்கறதுக்கு முன்னாடியே டோக்கன் திரும்பியிருக்கு."

அப்பா தன் கையையே பார்த்தார். "கை தானா பண்ணிடுச்சும்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. யாரோ ஒரு கைதியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"சுரங்கத்தை மூடச் சொன்னாரா? அறுபது குடும்பத்துக்காகக் கொன்னீங்களா?"

"மூடச் சொல்லலை. அதான் பிரச்னையே."

"என்னது?"

"ஒரு வாரமா கூரை முனகுது. எனக்குக் கேக்குது, வேற எவனுக்கும் கேக்கலை. நேத்து சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் வந்த அந்த ஆள் உள்ளயே போகாம, இந்த மேஜையில உட்கார்ந்து பத்திரமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டான். வந்து பாருங்கன்னு கெஞ்சினேன். சிரிச்சான். பிடிச்சுத் தள்ளினேன்... மேஜை முனை மண்டையில பட்டுடுச்சு."

"நீங்களே சுரங்கத்தைப் பூட்டியிருக்கலாமே?"

"அவன் கையெழுத்தைக் காட்டி, முதலாளி வேற ஆளை வெச்சுத் திறப்பார். அதான் உள்ள தூக்கிட்டுப் போய்ப் போட்டு, தலைமேல ஒரு கல்லை வெச்சேன். விபத்துன்னா மூடுவாங்க. கொலைன்னா நாளைக்கே திறப்பாங்க. நீ என்ன எழுதப் போறே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது...

ஏட்டு உடம்பெல்லாம் புழுதியாக ஓடி வந்தார். "மேடம், மூணாம் சுரங்கம் இடிஞ்சு உட்கார்ந்துடுச்சு!"

"உள்ள யாரு?"

"ஒருத்தரும் இல்ல. விசாரணைக்காக எல்லாரையும் வெளியவே நிறுத்தி வெச்சோமே."

அறுபது பேரும் உயிரோடு இருந்தார்கள். அறுபது பேருக்கும் வேலை போயிருந்தது.

அப்பா தானாகவே கைகளை நீட்டினார். இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினாள். அவள் விரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏட்டு, கொலைன்னே எழுதுங்க."

ஏட்டு எஞ்சினியரின் பையிலிருந்து எடுத்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். "மேடம், இந்தக் கூரை இன்னும் முப்பது வருஷம் தாங்கும்னு நேத்துதான் எழுதியிருக்கார்."

"எழுதினவரே ஒரு நாள் தாங்கலையே," என்றாள் இன்ஸ்பெக்டர்.