சக்கரத்தில் வைத்த நகம்

கத்திகளுக்கும் கையுறைகளுக்கும் நடுவில் ஒரு நகம் கிடந்தது.

ராஜவேல் முகத்தைச் சுளித்தான். போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டையில் அவன் சேர்த்துவைத்த பொருட்களெல்லாம் வரிசையாகத் தெரிகிற பக்கம் அது. அவன் வாங்காமல், ஜெயிக்காமல் அதில் ஒரு துரும்புகூட வந்து சேராது. இதுவோ சுண்டுவிரல் நகம். ரோஸ் பாலிஷ் பாதி உரிந்து, அடியில் சதைப் பிசிறு ஒட்டியபடி. ‘லேசாகத் தேய்ந்தது’ என்று கீழே தரம் வேறு போட்டிருந்தது. த்தூ! எந்த வேலைவெட்டி இல்லாதவன் இதையெல்லாம் உட்கார்ந்து வரைகிறான்?

சேதராப்பட்டு பேக்டரியில் காலை ஷிப்ட் முடித்துக் கருவடிக்குப்பத்து வீட்டுக்கு வந்தவன் இன்னும் குளிக்கக்கூட இல்லை. துணிக்கடை வேலையிலிருந்து பொண்டாட்டி துர்கா திரும்ப எட்டு மணி ஆகும். அதுவரை ஆறு வயது மகள் அபியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவன்தான். பார்த்துக்கொண்ட லட்சணம், குழந்தை உள்ளறையில் கலர் பென்சிலோடு, அப்பன் கூடத்தில் சக்கரத்தோடு. அவன் இருக்கும் குழுவில் ஆளாளுக்குத் தன் பொருளைப் போனில் சுற்றும் அந்தச் சக்கரத்தில் பந்தயமாக வைப்பார்கள். அது யார் பெயரில் நிற்கிறதோ, வைத்தது மொத்தமும் அவனுக்கு.

சனியன் ஒழியட்டும் என்று நகத்தை எடுத்து வைத்தான். சக்கரம் சுற்றி, ‘கழுகு’ என்று பேர் வைத்துக்கொண்ட எவன் மேலேயோ நின்றது. நகம் போயிற்று.

“அப்பா, வெரலு கூசுதுப்பா.”

அபி கதவோரம் நின்று கையை நீட்டினாள். சுண்டுவிரலில் நகம் இல்லை. ரத்தமில்லை, காயமில்லை, நகம் முளைத்த அடையாளமே இல்லாமல், வேகவைத்து உரித்த மொச்சை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. மற்ற நாலு விரலிலும் அதே ரோஸ் பாலிஷ். தொட்டுப் பார்த்தான். பிசுபிசுத்தது. பெற்ற பிள்ளையைத் தொட்ட விரலை லுங்கியில் துடைத்தானே, அந்த அருவருப்பு பிசுபிசுப்பைவிடப் பெரிதாக இருந்தது.

“எங்க பாப்பா இடிச்சிக்கின?”

“இடிச்சிக்கலப்பா. தானா போச்சி.”

அவளை உள்ளே அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்தான். பக்கம் நிறைந்திருந்தது. நகங்கள், ஒன்பது. பால்பற்கள், ஒரு வரிசை. இமைகள், இடது, வலது. நாக்கு, புத்தம் புதுசு. போன் கையில் சூடாக வியர்த்தது; திரிந்த பால் வாடை அடித்தது.

‘அண்ணே, அந்த நகத்த மட்டும் திருப்பிக் குடுத்துடு. எங்கிட்ட இருக்கிற நல்ல கத்திய எடுத்துக்க’ என்று கழுகுக்கு எழுதினான்.

‘சக்கரத்துல வெச்சிட்டேன். முடிஞ்சா ஜெயிச்சி எடுத்துக்க’ என்று பதில் வந்தது.

போனில் அடுத்த சுற்றுக்கு மணி அடித்தது. பத்து வினாடிக்குள் வைத்தால்தான் ஆட்டத்தில் சேர்த்தி. கத்தியை மட்டும் வைக்கணும். கத்தியை மட்டும். ஆனால் மணி அடித்த பிறகு அந்தக் குழுவில் எவனும் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கமாட்டான்; ‘எல்லாம்’ என்கிற பொத்தானைத்தான் அமுக்குவான். மூன்று வருஷத்துப் பழக்கம். கட்டைவிரல் அவனைக் கேட்கவில்லை.

அமுக்கிவிட்டான்.

ஐயோ.

பக்கம் காலி. உள்ளே பென்சில் விழுந்து உருண்டது.

“அபி?”

பதில் சொல்ல நாக்கு எங்கே? அடப்பாவி, நீயே வைத்துவிட்டாயே!

சக்கரம் சுற்றியது. கழுகு. இன்னொருவன். ராஜவேல். கழுகு. மெதுவாக. இன்னும் மெதுவாக.

ராஜவேல்.

நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டான்! பொருட்கள் மளமளவென்று வந்து விழுந்தன. நகங்கள். பால்பற்கள். இமைகள். நாக்கு. வாய்விட்டு அழுதான்.

வருவது நிற்கவில்லை. பற்கள், மிகவும் தேய்ந்தவை, புகையிலைக் கறையோடு. நரைமுடி, ஒரு கொத்து. இன்னொரு நாக்கு. மற்றவர்கள் வைத்தவை. மொத்தமும் அவனுக்குத்தான்.

உள்ளறைக்கு ஓடி விளக்கைப் போட்டான்.

அபி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாயை மூட முடியவில்லை. பால்பற்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை, நீண்டு, கறுத்து. மோவாயில் எச்சில் வழிந்தது.

“அப்பா,” என்றது ஒரு நாக்கு.

அதற்கு அடியில் இன்னொன்று, சின்னதாக, வெளுத்து, தானாகப் புரண்டு, வேறு ஏதோ வீட்டுக் குழந்தையின் குரலில் “யம்மா... யம்மா...” என்று அழுதுகொண்டிருந்தது.