சவுக்குத்தோப்பில் மறைந்த பிலிம் டப்பா

1976 பிப்ரவரி. காலை 11.40. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத்தோப்பில் நின்ற வேனுக்குள் பிலிம் டப்பாவைக் காணவில்லை. முனீரின் ராக் குழு போடும் முதல் இசைத்தட்டுக்காக, தியேட்டர் இடைவேளையில் காட்ட எடுத்த பாட்டுப் படம் அது. மாலை ஐந்துக்குள் மெட்ராஸ் கம்பெனிக்குப் போகாவிட்டால் தட்டும் கிடையாது, பம்பாய்க் கச்சேரியும் கிடையாது. முனீர் முகத்தில் ஈயாடவில்லை.

12.15. சப்-இன்ஸ்பெக்டர் சாரங்கபாணி நல்ல பசியோடு வந்து சேர்ந்தார். முனீரின் கரண்ட் கிதார் ஒயர் செருகாமல் மணலில் கிடந்தது.

"டப்பாவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பதினொரு மணிக்கு வேன்ல வச்சேன்," என்றார் கேமராமேன் ராஜகோபாலன். "அப்பதான் டேப்ரிக்கார்டர் பேட்டரி தீர்ந்துபோச்சு. நானும் முனீரும் அலையோரத்துல அடுத்த ஷாட்டுக்கு ஒத்திகை பார்த்தோம்."

"பேட்டரி வாங்க யார் போனது?"

"நான்தான் சார், சைக்கிள்ல," என்றான் டிரம்ஸ் அடிக்கும் நரசிம்மன். "கடையாண்ட கேட்டுக்கோங்க."

மிச்சம் ஒருவர்தான். முனீரின் தகப்பனார் ஜெயினுலாபுதீன், செங்கல்பட்டில் இரும்புக்கடை. எல்லோருக்கும் பிரியாணி கொண்டு வந்த புண்ணியவான். காலையிலேயே காலியான பிரியாணி தேக்சா வேனருகே துணி கட்டியபடி இருந்தது.

"நீங்க எங்க இருந்தீங்க, பாய்?"

"புள்ளைக்குப் பத்தடி பின்னால குந்திகினு இருந்தேன் சார். அந்த அரைமணி நேரமும் அவன் வாசிச்சத கேட்டுகினேதான் இருந்தேன். கண்ல தண்ணியே வந்துடுச்சு."

சாரங்கபாணி நேரே போய்த் தேக்சாவின் துணியை அவிழ்த்தார். உள்ளே டப்பா, மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் பிரியாமல்.

"பாட்டு வந்தது டேப்ரிக்கார்டர்லேர்ந்து, பாய். இவங்க வாயையும் விரலையும்தான் அசைச்சாங்க. பதினொண்ணுக்கு மேல பேட்டரியே இல்ல. கரண்ட் இல்லாத கிதார் இந்தக் கடல் இரைச்சல்ல பத்தடிக்கு எங்க கேக்கும்? விரல் அசையறத வேன்லேர்ந்து பார்த்துட்டு, வாசிக்கிறான்னு நெனச்சுட்டீங்க."

பாய் குறுகிப் போனார்.

"பம்பாய் போனா திரும்ப மாட்டான் சார். ஒத்தப் புள்ள."

பெற்ற மனசு. சாரங்கபாணிக்குப் பாவமாகத்தான் இருந்தது. "கேஸ் எழுதட்டுமா?" என்று முனீரைக் கேட்டார்.

"வாணாம் சார்." அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு தகப்பனிடம் திரும்பினான்.

"ரெண்டு வருஷமா நம்ம வூட்டு மாடிலதான் வாசிச்சேன், வாப்பா. கேட்டேன்னு சொல்லணும்னா, ஒருநாளாச்சும் படியேறி வந்து கேட்டிருக்கலாமே?"

வேன் 12.50க்குக் கிளம்பியது. பாய் அதில் ஏறவில்லை.