பின்னால் வருகிறவர்

ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் சின்னமனூர் மண்டபத்தின் மாடி விளையாட்டுக்காரர்களுக்குக் கிடைத்திருந்தது.

மாரீஸ்வரி படியேறி வந்தபோது, பந்தி போடும் நீள மேசைகளைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போகிறார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன் என்கிறார்கள். அது நடக்குமா என்பதைப் பகடை சொல்கிறது. கூடத்தில் போன மாதத்துச் சாம்பார் வாடை இன்னும் இருந்தது. காற்று ஜன்னல் கதவுகளை அடித்தது.

அவள் கணவன் கர்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்குத்தான் போய்க்கொண்டிருந்தான். ஐப்பசி மழையில் ஒருநாள் அவன் வண்டி கம்பமெட்டுப் பாதையில் ஒரு வளைவுக்குக் கீழே கிடந்தது. அவன் கிடைக்கவில்லை. ஓடை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள் போலீஸ்காரர்கள். அன்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரிவதில்லை.

வீட்டில் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்துவிட்டான் என்று கருமாதியைச் செய்துவிடுவதா, இன்னும் காத்திருப்பதா. அவள்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் சொல்கிறேன் என்று கொழுந்தன் நாகராஜிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தாள்.

"வாங்கக்கா. வர மாட்டீகன்னு நெனச்சேன்" என்றான் சுரேஷ்கண்ணன். கர்ணனின் கூட்டாளி. கூப்பிட்டவன் அவன்தான்.

"வீட்ல இருக்க முடியல."

"எங்கள வெட்டிப்பயலுகன்னு வைவீக. இன்னைக்கு நீங்களும் சேந்துட்டீக."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. உதட்டை மட்டும் அசைத்தாள்.

அவன் மேசையில் காட்டுக் கதை. அவளுக்கு வைத்தியச்சி வேடம் கொடுத்தான். அவளோடு இரண்டு கல்லூரிப் பையன்கள்.

"நீங்க மூணு பேரும் ஆத்தத் தாண்டுறீக. பின்னால ஒருத்தரு வர்றாரு. பேச மாட்டாரு."

"அது யாரு?"

சுரேஷ்கண்ணன் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டான். "கதைல அண்ணன் எடுத்த வேடம், அவரோட ஆளுக்கா. விளையாட வராதவரோட ஆள நாங்க கொல்றதில்ல. அப்பிடியே பின்னால கூட்டிட்டுப் போவோம். அவரு வந்து திரும்ப எடுத்துக்கிருவாரு."

"வரலைன்னா?"

"அவருக்கு வேண்டியவக யாராச்சும் உக்காந்து, இவரு இப்பிடிச் செத்தாருன்னு சொல்லணும். அதுவரைக்கும் வருவாரு."

ஆட்டம் முடிந்ததும் எழுந்து அடுத்த மேசைக்குப் போனாள்.

அங்கே உத்தமபாளையத்து நவாஸ் விண்வெளிக் கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவளை அவன் முன்பின் பார்த்ததில்லை. கப்பலில் ஒரு நீண்ட நடைபாதை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.

"பின்னால காலடிச் சத்தம் கேக்குது. ஒரு கால இழுத்து இழுத்து நடக்கிற மாதிரி."

"உங்க ஆட்டத்துலயும் யாரோ வரலையா?" என்றாள் மாரீஸ்வரி.

"எல்லாரும் வந்தாச்சேக்கா." நவாஸ் தன் காகிதங்களைப் புரட்டினான். "கதைல அப்பிடி ஒண்ணு கெடையாது. ஏன் சொன்னேன்னு தெரியல."

"ஏலே, மத்தியானம் பிரியாணியக் கொறைச்சுத் தின்னுருக்கணும்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நவாஸ் சிரிக்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

மூலை மேசையில் குமுளியிலிருந்து வந்த ஜெனிபர் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். "இதுல தனியா கதை சொல்ற ஆளு கிடையாது சேச்சி. எல்லாரும் மாறி மாறிச் சொல்லணும். நீங்க சொன்னது நடந்ததுதான். யாரும் மாத்த முடியாது."

ஆளில்லாத தேயிலைத் தொழிற்சாலை. உள்ளே மாட்டிக்கொண்ட நாலு பேர். ஆட்டம் தொடங்கியதும் கரண்ட் போனது. மின்விசிறிகள் ஓய்ந்தபின் கூடத்தில் காற்றின் சத்தம் மட்டும் இருந்தது.

முதல் ஆள் சொன்னான்: "நாங்க மாடிக்கு ஏறுறோம். இந்த அக்காவுக்குப் பின்னால ஒருத்தரு நிக்கிறாரு."

இரண்டாவது ஆள் சொன்னான்: "வாயத் தொறக்கிறாரு. சத்தம் வரல."

ஜெனிபர் குரலைத் தாழ்த்தினாள். "ரொம்ப நாள் கட்டில்ல கிடந்த ஆளு. கை பூரா ஊசி குத்தின தடம்."

மருந்து வாடை வந்தது. சாம்பார் வாடைக்கு மேலே, மெல்ல.

"உங்க முறை சேச்சி."

மாரீஸ்வரியின் முதுகு குளிர்ந்தது. பயம் வரவில்லை. பயம் வராததுதான் பயமாக இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மழை" என்றாள். "பனி வேற. வளைவுல லாரி லைட்டு கண்ணுல அடிச்சிருக்கும். வண்டியோட பள்ளத்துக்குள்ள போயிட்டாரு. ஓடை இழுத்துட்டுப் போயிருச்சு."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு செத்துட்டாரு."

பிடரிக்குப் பின்னால் ஒரு மூச்சு நின்றது. அது நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. நாகராஜ்.

"மதினி." அவன் அழுதுகொண்டிருந்தான். "அண்ணன் கெடச்சிருச்சு மதினி. கேரளாவுல ஒரு ஆஸ்பத்திரில. அன்னைக்கு லாரிக்காரன் எவனோ தூக்கிட்டுப் போய்ப் போட்டுருக்கான். நெனவில்லாம, பேரு தெரியாத ஆளாக் கெடந்துருக்காக. ஒரு காலு வெளங்காமப் போச்சாம்."

"உசுரோடயா?"

"இப்பத்தான் முழிச்சாகளாம். பேரு சொல்லி, ஊரு சொல்லி, ஒங்களக் கேட்டுருக்காக. ஒங்களுக்குச் சொல்லலாம்னு போனை எடுக்கேன், மறுபடி அங்கனருந்து போனு." நாகராஜ் மூக்கை உறிஞ்சினான். "போயிட்டாகளாம் மதினி. நல்லாப் பேசிக்கிட்டு இருந்தவக, யாரோ சொல்லக் கேட்ட மாதிரி தலைய ஆட்டிட்டு, அப்பிடியே."

"எப்ப?"

"இப்பத்தான். இந்த நிமிசந்தான்."

அவள் கைப்பேசியை மேசையில் வைத்தாள். நாகராஜின் குரல் அதற்குள் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

"சேச்சி" என்றாள் ஜெனிபர். அவள் முகம் வெளுத்திருந்தது. "ஆளு உங்களுக்குப் பின்னால இல்ல."

"தெரியும்."

"முன்னால போறாரு."

மாரீஸ்வரி கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வழியில் சுரேஷ்கண்ணன் ஏதோ கேட்டான். அவள் நிற்கவில்லை.

படிக்கட்டில் டீக்காரர் தூக்குவாளியோடு ஏறி வந்துகொண்டிருந்தார். பாதிப் படியில் நின்றார். சுவரோடு ஒண்டி வழிவிட்டார். யாரோ ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவதைப் பார்ப்பதுபோல் அவர் முகம் திரும்பிக்கொண்டே போனது. பிறகு இரண்டு படி ஏறினார். மேலே அவளைப் பார்த்ததும் மறுபடியும் ஒண்டினார்.

"உடம்பு முடியாதவரத் தனியா எறங்க விடுறீகளேக்கா" என்றார். "கையப் பிடிச்சுக்கங்க."

மாரீஸ்வரி இறங்கிப் போய்க் கையை நீட்டினாள்.

விரல்கள் மரத்திருந்தன. பிடி கிடைத்ததா என்று தெரியவில்லை.