நாடி துடிக்காத நடை

செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு ஆட்கள் பெரும்பாலும் விரிசல் விட்ட கண்ணாடியோடுதான் வருவார்கள். அந்தச் சனிக்கிழமை காலை வந்த பெண்ணின் கையில் இருந்தது ஒரு காகித உறையும் ஒரு கறுப்புக் கைக்கடிகாரமும். கடிகாரத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, அது கடித்துவிடும் என்பது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

கடைக்காரப் பெண்மணியைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். தண்ணீரில் விழுந்து செத்த போன்களைப் பிழைக்க வைத்து, உள்ளே இருந்த குழந்தைப் படங்களை மீட்டுத் தருகிறவர். பலகையில் எழுதாத இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. கருவி ஒன்று சொல்லி, மனிதர் வேறொன்று சொன்னால், இரண்டில் எது பொய் என்று பார்த்துச் சொல்வார்.

பக்கத்து ஸ்டூலில் அவர் கணவர். பன்னிரண்டு வருடம் மென்பொருள் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, ஆறு மாதம் முன்பு ஒரே மின்னஞ்சலில் வேலை போய் வீட்டுக்கு வந்தவர். "உன் பேரை மனுஷன் எடுக்கலப்பா, கம்ப்யூட்டர் எடுத்துச்சு" என்று அவருடைய டீம் லீடர் ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர் அந்த லீடர். இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் போன் செய்து நலம் விசாரிப்பார். கணவரின் பகை முழுவதும் கருவிகள் மேல் திரும்பிவிட்டது. கண்ணில் பட்ட கேமராவுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டுவார்; வாடிக்கையாளர் போனிலும் கேட்காமலே ஒட்டுவார். தெரு அவருக்கு டேப் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

வந்த பெண் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனையாளர். மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒன்பது வருட அனுபவம்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு விளக்கம் சொல்லணும்" என்று உறையை நீட்டினார். "சொல்லத் தவறினா வேலை போயிடும். அதுகூடப் பரவாயில்லக்கா. அனுபவச் சான்றிதழ் தரமாட்டாங்களாம். அது இல்லைன்னா ஒன்பது வருஷம் நான் எங்க இருந்தேன்னு எவன் நம்புவான்? வேற எந்தக் கம்பெனி வாசல்ல போய் நிக்கிறது?"

டாக்டர் கடிதத்தைப் படித்தார். வெள்ளிக்கிழமைத் தேதி. வியாழக்கிழமை மதியம் நாற்பத்தொரு நிமிடம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் போட்டிக் கம்பெனியின் நான்காம் மாடியில் இவர் இருந்ததாகக் குற்றச்சாட்டு. சாட்சி, அவருடைய கைக்கடிகாரம்.

"இது கம்பெனி கொடுத்ததா?"

"ஆமா. நடைப் போட்டின்னு ஒண்ணு வச்சாங்க. அஞ்சஞ்சு பேரா டீம். ஒரு மாசத்துல அதிகம் நடந்த டீமுக்கு மூணு வெள்ளிக்கிழமை லீவு. எத்தனை அடி நடக்கிறோம்னு மட்டும்தான் பார்ப்போம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்க."

"பாத்தியா!" டேப் ஸ்டூலைவிட்டு எழுந்தே விட்டார். "ஓசியில எவனாவது கடிகாரம் குடுப்பானா? காவலுக்குக் கட்டி விட்டிருக்கான்!"

"ஏங்க, உட்காருங்க" என்றார் டாக்டர். "வியாழக்கிழமை மதியம் எங்கம்மா இருந்தீங்க?"

"பின்பக்கப் படிக்கட்டுல. ராத்திரி ஷிஃப்ட்டும் சேர்த்துப் பாக்கிறதால, சாப்பிட்டதும் அங்க போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்குவேன். யாரும் வரமாட்டாங்க. கேமராவும் கிடையாது."

டேப் ஆசுவாசமாகத் தலையாட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். கேமரா இல்லாத ஒரே இடத்தில் இருந்ததால் இந்தப் பெண்ணுக்குச் சாட்சியும் இல்லாமல் போயிற்று. இத்தனை டேப் ஒட்டியவருக்கு அது கொஞ்சம் குத்தியது.

"கடிகாரம் கையில இருந்ததா?"

"இல்லை. எனக்கு அரிக்கும். மதியம் கழற்றி என் மேஜைல சார்ஜர்ல போட்டுட்டுப் போவேன்."

"அப்ப எதிர்க் கட்டடத்துக்கு அது தானா நடந்து போச்சா?" என்றார் டேப்.

டாக்டர் சோதனையாளரின் போனை வாங்கி, நடைப் போட்டிச் செயலியைத் திறந்தார். அவருடைய பதிவு நிமிடவாரியாக இருந்தது, நாடித்துடிப்போடு. கீழே டீமில் உள்ள மற்ற நான்கு பேரின் அடிக்கணக்கும் மணிவாரியாக எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. "அடுத்தவன் எப்ப எந்திரிச்சான், எப்ப உட்கார்ந்தான்னு ஊருக்கே தம்பட்டமா!" என்று பொருமிய டேப்பையே ஒரு தாளில் எழுதச் சொன்னார் டாக்டர்.

மதிய வேளைக் கணக்கு மட்டும். திங்கள், சோதனையாளர் 4,296. டீம் தலைவர், அதாவது எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிறவர், 4,310. செவ்வாய் 3,881, கேப்டன் 3,870. புதன் 4,490, கேப்டன் 4,502. வியாழன் சோதனையாளர் 1,240. கேப்டன் ஓர் அடிகூட இல்லை.

டாக்டர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தினம் மதியம் படிக்கட்டுல தூங்கறவங்களுக்கு நாலாயிரம் அடி எப்படிம்மா ஏறுச்சு?"

சோதனையாளர் தலை குனிந்தது. "ரெண்டு வாரமாவே ஏறிக்கிட்டிருந்துச்சு. பார்த்தேன். கடிகாரத்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். டீமுக்கு நல்லதுதானேன்னு வாயை மூடிக்கிட்டேன். ஊரான் பிழையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கறவ நான். என் கையில இருந்த பிழையை விட்டுட்டேன்."

"கோளாறு இல்லை" என்றார் டாக்டர். "நடந்த நேரத்துல நாடித்துடிப்பு எங்கயாவது இருக்கா பாருங்க."

மூன்று தலைகள் திரைமேல் குனிந்தன. தினமும் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை துடிப்பின் இடம் வெறுமையாக இருந்தது.

"சார்ஜர்ல கிடந்தாத் துடிப்பு இருக்காது, சரி. ஆனா அடியும் இருக்காது. இங்க அடி இருக்கு, துடிப்பு இல்லை. அப்போ கடிகாரம் நடந்திருக்கு, எந்த மணிக்கட்டுலயும் இல்லாம."

"பாக்கெட்!" டேப் மேஜையைத் தட்டினார். "யாரோ பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நடந்திருக்கான்!"

"டீம் ஜெயிக்கணும்னு ஆசைப்பட்ட ஒருத்தர். ரெண்டு கடிகாரம், ஒரே நடை. அதான் கணக்கு பத்துப் பதினஞ்சு அடிதான் வித்தியாசம். மத்த நாள் முக்கால் மணி நேரம் விடாம நடை. வியாழக்கிழமை ஏழு நிமிஷம் நடை, நாப்பத்தொரு நிமிஷம் அசைவே இல்லை, மறுபடி ஏழு நிமிஷம். அன்னிக்கு அவர் நடக்கப் போகலை. எங்கயோ போய் உட்கார்ந்திருக்கார்."

சோதனையாளர் முகம் வெளுத்தது. தாளில் இருந்த இரண்டாவது பெயரை விரலால் மறைத்துக்கொண்டார்.

"அக்கா, அவர் பேரை மட்டும் சொல்லாதீங்க. நான் பிரசவ லீவு முடிஞ்சு திரும்பினப்போ என் இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கப் பார்த்தாங்க. அவர்தான் மல்லுக்கட்டி வச்சிருந்தார். வேலை தேடிப் போயிருந்தா போகட்டும். ரெண்டு பிள்ளைங்க அவருக்கு."

"உங்க வேலை?"

"அவர் பேர் வராம என்னைக் காப்பாத்த முடியாதா?"

"உங்க கம்பெனில ஆள் குறைக்கிறாங்களா?" என்று வேறெதையோ கேட்டார் டாக்டர்.

"டீமுக்கு ஒருத்தர்னு பேச்சு. கம்ப்யூட்டரே மார்க் போட்டு எடுக்குமாம். கேப்டன் சொன்னார்."

"எங்கயும் அதே கதைதான்" என்று டேப் பெருமூச்சு விட்டார்.

டாக்டர் கடிதத்தை இன்னொரு முறை படித்து, தேதியை நகத்தால் தடவினார். "திங்கட்கிழமை உங்ககூட நாங்களும் வர்றோம். உங்க மணிக்கட்டு இல்லைன்னு மட்டும் நிரூபிக்கிறேன். மீதியை அங்க இருக்கிறவங்க மனசாட்சி பார்த்துக்கட்டும்."

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறையில் ஐந்து பேர். தொழில்நுட்பம் தெரிந்தவர்களை அழைத்து வரலாம் என்று கடிதமே சொல்லியிருந்ததால் டாக்டரையும் டேப்பையும் யாரும் தடுக்கவில்லை. எதிரே எச்.ஆர். மேலாளர், நேர்த்தியான சட்டையும் தூங்காத கண்களுமாக. அவர் பக்கத்தில், டீம் தலைவர் என்ற முறையில், கேப்டன். உயரமான மனிதர். மேஜையின் மரக்கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அடிக்கணக்கு மட்டும்தான் பார்ப்போம்னு கையெழுத்து வாங்கினீங்க. இருக்கிற இடத்தை எப்படிப் பார்த்தீங்க?" என்று தொடங்கினார் டாக்டர்.

எச்.ஆர். இதற்குத் தயாராகவே இருந்தார். "மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு மேடம்?"

"கனம் இருக்கோ இல்லையோ, அவங்க மடியைத் தடவிப் பாக்கலாம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

டேப்புக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் போனைத் திருப்பி வைத்து, அடியிருந்தும் துடிப்பில்லாத அந்த மணி நேரத்தைக் காட்டினார். பாக்கெட்டில் நடந்த கடிகாரத்தைப் பற்றி நிதானமாக விளக்கினார். கேப்டனின் கணக்கை அவர் எடுக்கவே இல்லை. எச்.ஆர். இரண்டு முறை திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சரி, இவங்க கையில இல்லை. அப்ப யார் பாக்கெட்டுல?"

"அதைச் சொல்ல என்னைக் கூப்பிடலை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இந்த ஆபீஸ்ல இருநூறு கடிகாரம் இருக்கு. வியாழக்கிழமை நடந்ததை வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சீங்க. இருநூறுல இவங்களுடையதை மட்டும் ஏன் திறந்தீங்க?"

எச்.ஆர். போனைத் தள்ளி வைத்தார்.

"நீங்க காரணத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கலை சார். ஆளை முதல்ல கையில குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் காரணம் தேடினீங்க. நஷ்ட ஈடு இல்லாம அனுப்ப ஒரு காரணம். ஆளைக் குடுத்தது யாரு?"

எச்.ஆரின் கண்கள் ஒரு நொடி பக்கவாட்டில் போய் வந்தன. அந்த ஒரு நொடியைச் சோதனையாளரும் பார்த்துவிட்டார்.

"என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு" என்றார் கேப்டன்.

மேஜையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "ரெண்டு வாரமா தினம் எடுத்துக்கிட்டுப் போனேன், டீமுக்காக. வியாழக்கிழமை எதிர்க் கம்பெனியில எனக்கு இன்டர்வியூ. என் கடிகாரத்தை ஞாபகமா கழற்றி வச்சேன். இது பழக்க தோஷத்துல பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு."

"கம்ப்யூட்டர் எடுக்கும்னு சொன்னீங்களே கேப்டன்" என்றார் சோதனையாளர். கோபமாகக்கூட இல்லை; புரியாதவர் குரலில் கேட்டார்.

"கம்ப்யூட்டர் மார்க்தான் போடும். அஞ்சு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். ஒரு பேரை எழுதிக் குடுன்னு என்கிட்ட விட்டுட்டாங்க. அந்த வேலை கிடைச்சிருந்தா என் பேரையே எழுதியிருப்பேன். சத்தியமா. கிடைக்கலை. வெள்ளிக்கிழமை காலையில உங்க பேரை..." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப மாத்தி எழுதிடறேன். என் பேரை."

தான் வெட்டிய குழியில் இன்னொருவரைத் தள்ளி, அந்தக் குழிக்குள் தன் செருப்பையும் விட்டுவந்த மனிதரை யாரும் நிமிர்ந்து பார்க்க விரும்பவில்லை. டாக்டர்தான் எச்.ஆர். பக்கம் திரும்பினார். இடப்பதிவைத் திறந்ததே கம்பெனி கொடுத்த வாக்கை மீறியது. அதில் கிடைத்ததை வைத்துச் சோதனையாளர் மேலும் பழி போட முடியாது, கேப்டன் மேலும் போட முடியாது. இந்தக் கடிதம் வெளியே போனால் தலை குனிய வேண்டியது கம்பெனிதான் என்று சுருக்கமாகச் சொன்னார். எச்.ஆர். கடிதத்தைத் திரும்ப வாங்கி நான்காகக் கிழித்தார். இருந்தாலும் போனாலும் ஒன்பது வருடத்துக்கும் சான்றிதழ் உண்டு என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சோதனையாளர் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார். கறுப்புக் கடிகாரத்தை மேஜையில் கேப்டன் முன்பாக வைத்தார்.

"பேரை மாத்துவீங்களோ மாட்டீங்களோ, அது உங்க இஷ்டம்" என்றார். "இனிமே என் நடையை நானே நடந்துக்கறேன்."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. வழக்கமாக இப்படி ஒரு வழக்கு முடிந்தால் கடை வரும்வரை டேப்பின் வாய் ஓயாது. இன்றைக்கு இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"கேப்டன்தான் பேர் எழுதினாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சனிக்கிழமையே சந்தேகம்தான். தேதி அவ்வளவு அவசரமா இருந்துச்சு."

"கம்ப்யூட்டர் மார்க்தான் போடும்." டேப் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "பேரை மனுஷன்தான் எழுதுவான்."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதமாக டாக்டருக்கு இது தெரியும். ஆறு மாதமாக அவர் சொல்லவில்லை.

"என் பேரை யார் எழுதினாங்கன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும். வேணுமா?"

கடை வாசல் வந்துவிட்டது. டேப் பூட்டைத் திறந்து, கதவைத் தூக்கி, ஸ்டூலைத் துடைத்து உட்கார்ந்தார். நேற்று ஞாயிறு. இருபது நிமிடம் பேசியிருந்தார் பழைய லீடர். மூட்டு வலிக்கு மருந்துகூடச் சொல்லியிருந்தார்.

"வேணாம்" என்றார் டேப். "ஞாயித்துக்கிழமை போன் வந்தா நான் எடுக்கணும்ல."